பதினோரு வருட ரிப்பேர்

அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் முன்பக்கம் ரொட்டிக்கடை, பின்பக்கம் கார். மனிதர்கள் குடியிருந்தது மாடியில், இரண்டு சின்ன அறைகளில். மாடிக்குப் பத்தொன்பது படிகள். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் இறங்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

ரொட்டிக்கடை மனைவியுடையது. விடிவதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்து, உப்பிக் கிடக்கும் மாவை வெட்டி உருட்டி, ஆறு மணிக்கு முதல் தட்டை வெளியே இழுத்துவிடுவாள். முழங்கை வரைக்கும் எப்போதும் மாவு வெள்ளை. கணவர் அடுத்த தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வட்டமாக வரும் கண்ணாடிச் சில்லை, தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும் கல்லில் பிடித்து, சட்டத்தின் வடிவத்துக்குக் கொண்டுவருவார். ஒரு மயிரிழை கூடினால் உட்காராது, குறைந்தால் ஆடும். தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றுதான் பெயர்.

கார் அவருடையது. பதினோரு வருடங்களுக்கு முன்பு பழைய இரும்புக் கடையில் இரண்டு சலவை இயந்திரங்களுக்கு நடுவே மழையில் நனைந்துகொண்டு நின்றது. அன்று மாலையே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அறுபது வருடத்து வண்டி. நீளமான மூக்கு, அதன் நுனியில் கழுத்தை நீட்டிய நிக்கல் நாரை. தயாரித்த கம்பெனியோ நான்கே வருடத்தில் கதவைச் சாத்திவிட்டது. வந்த நாளிலிருந்து அந்த வண்டி ஒரு அடி நகர்ந்ததில்லை. அதை ரிப்பேர் செய்வதற்காக ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை எட்டு மணிக்கு மூன்று பேர் வருவார்கள்.

முதல் ஆள் டிங்கர். நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிற பட்டறைக்காரர், எட்டு தெரு தள்ளி. இரண்டாவது ஆள் பாலிசி. இன்சூரன்ஸ் ஏஜென்ட், வாழ்நாளில் கார் வாங்கியதில்லை, சைக்கிளில் வருவார். மூன்றாவது டாக்ஸிக்காரம்மா. வாரத்தில் ஆறு நாள் சவாரி ஓட்டிவிட்டு, ஏழாவது நாளும் காரைப் பார்க்க வருகிறவர்.

அவர்கள் கம்பெனிப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. மூக்கில் என்ன சின்னம் இருக்கிறதோ அதுதான் பெயர். டிங்கர், கேடயம் கட்சி.

"தகடுன்னா அது தகடு. கேடயத்துல கதவைச் சாத்தினா பக்கத்து வீட்டுக் கொழந்தை எந்திரிச்சு அழும்" என்பார்.

"அந்த வண்டி ஒரு பங்க்ல கிளம்பினா அடுத்த பங்க் வரைக்கும் போகும். அதுவும் ரோடு எறக்கமா இருந்தா" என்பார் பாலிசி.

"நீ ஒரு காராவது வச்சிருக்கியாய்யா?"

"கார் வச்சிருக்கிறவன் தன் காருக்குத்தான் வக்காலத்து வாங்குவான். என்கிட்ட இருக்கிறது சைக்கிள். அதனால எந்தக் கம்பெனி மேலயும் எனக்கு ஓரவஞ்சனை கெடையாது. எல்லாத்தையும் ஒரே மாதிரி திட்டுவேன்."

டாக்ஸிக்காரம்மாவின் வண்டி மீன். நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் ஒரு நாள் வழியில் நின்றதில்லை என்று அவர் சொன்னால், மற்ற மூவரும் துக்க வீட்டில் நிற்பது போலத் தலையை ஆட்டுவார்கள். "அதாம்மா அதுல குறை" என்பார் டிங்கர். "கெட்டே போகாத வண்டியை வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் ஞாயித்துக்கெழமை என்னதான் பண்றது?" இரட்டை மணி கம்பெனியின் பந்தயக் கார் பற்றிப் பேச்சு வந்தால் கேலியில் எல்லாரும் ஒரே கட்சி. அதில் இரண்டே சீட், ஒன்று ஓட்டுகிறவருக்கு, இன்னொன்று கூடவே வர வேண்டிய மெக்கானிக்குக்கு.

நாரை ஏன் ஓடவில்லை என்பதற்குப் பாலிசியிடம் ஒரு முழு விளக்கம் இருந்தது. "அந்தக் கம்பெனியில வண்டிக்குப் படம் போட்டவரு ஓவியரு, மெக்கானிக்கு இல்ல. மூக்கை வரைஞ்சு முடிச்சிட்டு சாப்பிடப் போயிட்டாரு. இன்ஜினை வேற யாரோ உள்ள அடைச்சிருக்காங்க." ஒவ்வொரு வாரமும் அந்த ஓவியருக்கு ஒரு புதுக் குற்றம் சேரும். பத்து மணிக்கு மனைவி சூடான ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்து பானட்டின் மேல் வைப்பாள். பதினொன்றுக்கு எல்லாரும் கையைத் துடைத்துக்கொள்வார்கள்.

கண்ணாடிக்காரருக்கு ஒரு அக்கா. முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நகரத்தின் மறுகோடியில் நான்காவது மாடியில் தனியாக இருந்தாள். மழைக்காலம் தொடங்கிய வாரம், ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வெள்ளிக்கிழமை டாக்டர் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அடுத்த வியாழக்கிழமை கூட்டிட்டுப் போகலாம். மூணு மாசம் படியே ஏறக் கூடாது. தாழ்வா உக்காரக் கூடாது. தெனமும் நாலு அடியாவது நடக்கணும். ஆனா அவங்க நடக்க மாட்டேங்கிறாங்க."

நடக்கச் சொன்னால் அக்கா போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். ஓடுகிற ரயிலில் பெட்டிக்குப் பெட்டி தாண்டியவள், இப்போது நர்ஸ் வாக்கரைக் கட்டிலருகே கொண்டுவந்தாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். விழுந்த அன்று மூன்று மணி நேரம் தரையில் தனியாகக் கிடந்திருக்கிறாள். அதை யாரிடமும் விவரமாகச் சொல்லவில்லை.

"ஊருக்கு வெளிய பராமரிப்பு இல்லம் இருக்காம்ல. அங்க போட்டுடு" என்றாள் தம்பியிடம்.

"ஏன், என் வீடு இல்லையா?"

"உன் வீட்டுல எங்கடா எடம்? மாடியில படி. கீழ ரொட்டி. மிச்சம் இருக்கிறதுல உன் ஓடாத காரு படுத்திருக்கு. அதை எழுப்பிட்டு என்னைப் படுக்க வைப்பியா?"

கண்ணாடிக்காரர் மழையில் நடந்தே வீட்டுக்கு வந்தார். மனைவி அடுத்த நாளைக்கான மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"காரைக் குடுத்துடலாம்" என்றார்.

அவள் கை நின்றது. "யாருக்கு?"

"அந்தப் பழைய கார் சேகரிப்புக்காரர் ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்காரே. போன் பண்ணிட்டேன். புதன்கெழமை லாரியோட வராரு."

"வேற எங்கயாவது நிறுத்தி வைக்க முடியாதா?"

"மழையில தெருவுல விட்டா ஒரே மாசத்துல துருப்பிடிச்சுடும். ஓடாத வண்டிக்கு யாரு எடம் குடுப்பா?" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். சாப்பிடக் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்றார். மறுநாள் கடையில் இரண்டு லென்ஸைத் தவறான அளவில் தேய்த்துவிட்டார். இருபது வருடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களிடம் சொன்னார். மூவரும் காரைச் சுற்றி நின்றார்கள். 

"அக்காதானே முக்கியம்" என்றார் டிங்கர் கடைசியில். "என் பட்டறையில வைக்கலாம்னு பாத்தா, ஓடாத வண்டியை உள்ள விட்டுட்டு நான் தெருவுல உக்காந்துதான் தட்டணும். ஓடுற வண்டின்னா காலையில வெளிய எடுத்து நிறுத்திட்டு, மழை வந்தா உள்ள விடலாம். இதை எத்தனை தடவை தள்றது? பட்டறை வாசல்ல மேடு வேற."

"அந்த ஓவியர் மட்டும் என் கையில கெடைச்சான்னா..." என்றார் பாலிசி.

கண்ணாடிக்காரர் குனிந்து முன்சக்கரத்தின் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மூடி அது. அன்று ரொட்டி ஆறிப்போய் பானட்டின் மேலேயே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் சாப்பிட வந்தபோது, மனைவி கடைக் கதவைச் சாத்திவிட்டுப் பின்னறைக்கு வந்தாள். அவர் கார் கதவைத் திறந்து வைத்து, உள்ளே கிடந்த ஸ்பேனர்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்."

"கேளு."

"இந்த வண்டி ஓடும்தானே?"

கையில் இருந்த ஸ்பேனர் பெட்டிக்கு வெளியே விழுந்தது.

"மாசத்தோட மொத திங்கக்கெழமை நான் மாவு மில்லுக்குப் போறேன். உங்களுக்கும் அன்னிக்கு லீவு. திரும்பி வந்தா பின்பக்கக் கதவு ரெண்டும் பப்பரப்பான்னு தெறந்து கெடக்கும். வீடு பூரா புகை வாசனை. மறுநாள் ரொட்டியில கூட அடிக்குது. ஒரு அம்மா என்கிட்டயே கேட்டாங்க, என்னமோ புதுசா சேக்கறியான்னு. மூணு வருஷமா இது நடக்குது. நானும் நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

கண்ணாடிக்காரர் காரின் படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். உள்ளே பருத்தித் துணியில் சுற்றிக் கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புச் சாமான் இருந்தது.

"இது ரோட்டர். இன்ஜினுக்குள்ள பொறியைப் பிரிச்சு அனுப்புறது இதுதான். பழசுல ஒரு விரிசல் இருந்துச்சு. மயிரிழை. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் கடை பூதக்கண்ணாடியை எடுத்துட்டு வந்து ஒவ்வொண்ணா பாத்தேன், மாட்டிக்கிச்சு. புதுசு தேடிப் பிடிச்சு வாங்கிப் போட்டேன். ஒரே சாவியில கிளம்பிடுச்சு."

"அப்புறம்?"

"அன்னிக்கு திங்கக்கெழமை. யாரும் இல்ல. சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நின்னேன். அழுகையே வந்துடுச்சு. ஞாயித்துக்கெழமை வரட்டும், எல்லார் முன்னாடியும் கிளப்பிக் காட்டணும்னு இருந்தேன். சனிக்கெழமை ராத்திரி படுத்தா ஒரு யோசனை. வண்டி ஓடிட்டா அவங்க எதுக்கு வருவாங்க? டிங்கர் கேடயத்துக்கிட்ட போயிடுவான். பாலிசிக்கு வேற திண்ணைப் பேச்சுக்கு எடமா இல்ல? எனக்கு இங்க வேற யாரைத் தெரியும், சொல்லு. நாள் பூரா கல்லு முன்னாடி குனிஞ்சு உக்காந்திருக்கேன். வர்றவங்க மூஞ்சியைக் கூட நிமிர்ந்து பாக்கறதில்ல, மூக்கு அளவைத்தான் பாக்கறேன்."

"அதனால?"

"எந்திரிச்சு வந்து பழைய ரோட்டரைத் திரும்ப மாட்டிட்டேன். அன்னிலேருந்து மாசம் ஒரு திங்கக்கெழமை புதுசு, ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி பழசு."

மனைவி சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தாள். முடியவில்லை. மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூக்கில் மாவு ஒட்டிக்கொண்டது. சிரித்து முடித்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஓடுற வண்டின்னா டிங்கர் எடம் தர்றேன்னு சொன்னாருல்ல?"

"சொன்னான். ஆனா எப்படிச் சொல்றது? மூணு வருஷமா ஏமாத்தியிருக்கேன். இனிமே என் மூஞ்சியில முழிப்பாங்களா? காரைக் குடுத்துட்டா இந்த வெக்கக்கேடு யாருக்கும் தெரியாமலே போயிடும்."

"அவங்க போயிடுவாங்கன்னு பயந்து பொய் சொன்னீங்க. இப்போ பொய்யைக் காப்பாத்த காரையும் அனுப்பறீங்க. கார் போனா மட்டும் அவங்க எங்க வந்து நிப்பாங்க? நாளைக்கு நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்."

புதன்கிழமை காலை தூறல். சேகரிப்புக்காரர் சாம்பல் நிறக் கோட்டில், குடையோடு வந்தார். பின்னால் ஒரு நீண்ட லாரி சந்துக்குள் அங்குலம் அங்குலமாக வந்தது. வழியனுப்ப நண்பர்கள் மூவரும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். டாக்ஸிக்காரம்மா தன் மீன் காரைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு நனைந்துகொண்டே ஓடி வந்தார்.

கோட்டுக்காரர் காரைச் சுற்றி வந்தார். நாரையின் கழுத்தைத் தடவினார். "அருமை. என்கிட்ட முப்பத்தி ரெண்டு வண்டி இருக்கு. எல்லாம் கண்ணாடி போட்ட கூடத்துல, மேடை மேல."

"ஓட்டுவீங்களா சார்?" என்று டிங்கர் கேட்டார்.

"சேச்சே. ஓட்டினா எண்ணெய் சொட்டும், தரை பளிங்கு. இன்ஜினை எறக்கி வச்சுடுவேன். பாரம் கொறையும், மேடைக்கும் நல்லது. இது ஓடாத வண்டிங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஓடாத வண்டிதான் கெடாம இருக்கும்."

பாலிசி டிங்கரின் காதருகே குனிந்தார். "பழைய கார் மூணு ரகம்யா. ஓடுறது, ஓடாதது, இந்த ஆள் கையில மாட்டினது."

லாரிக்காரர் இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து காரின் முன் அச்சில் மாட்டக் குனிந்தார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

பானட்டைத் தூக்கினார். ரோட்டர் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டிவிட்டுத் திறந்தார். உள்ளே இருந்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கூட்டிலிருந்ததை மாட்டினார். லென்ஸைச் சட்டத்தில் உட்கார வைக்கிற அதே விரல் அசைவு. மூடியைச் சாத்திவிட்டுப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். ஒருவரையும் பார்க்காமல் சாவியைத் திருப்பினார்.

நாரை ஒரு முறை இருமியது. பிறகு, பானைக்குள் தண்ணீர் கொதிப்பது போல மெல்லிய, சீரான சத்தத்தில் ஓடத் தொடங்கியது. தூக்கி வைத்த பானட் மெல்ல நடுங்கியது.

கண்ணாடிக்காரர் இறங்கி வந்து, எல்லாவற்றையும் சொன்னார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததால் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சந்தில் இருந்த மற்ற வீட்டு ஜன்னல்களிலும் தலைகள் தெரிந்தன. "நீங்க வர மாட்டீங்களோன்னு பயந்துட்டேன்" என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார். ஆனால் அதுவும் எல்லாருக்கும் கேட்டது.

முதலில் வெடித்தவர் பாலிசி. "மூணு வருஷம்! மூணு வருஷமா அந்த ஓவியரைத் திட்டிக்கிட்டு இருந்தேனேய்யா! செத்துப்போன மனுஷன், ஒரு பாவமும் அறியாதவரு! அவரோட குடும்பத்தைக் கூட விட்டு வைக்கலையே நான்!"

"நான் அடியில படுத்துப் படுத்து முதுகு போச்சு" என்றார் டிங்கர். அவர் முகம் சிவந்திருந்தது. "போன மழையில, உன் வண்டிக்காக, ஈரத் தரையில..." மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்ஸிக்காரம்மா மட்டும் இன்ஜின் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார். "பதினோரு வருஷமா ஓடாத இன்ஜினுக்கு எண்ணெய் இவ்ளோ சுத்தமா இருக்குமா? கேட்டா ஞாயித்துக்கெழமை போயிடும்னு நானும் கேக்கல."

"நீயுமாம்மா?" என்று திரும்பினார் டிங்கர்.

கோட்டுக்காரர் குடையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார். "அப்போ இது ஓடுற வண்டியா?" அவர் குரலில் உண்மையான வருத்தம். "பாவம். ரொம்பப் பாவம்." லாரி பின்னோக்கி நகர்ந்து சந்துக்கு வெளியே போக அரை மணி நேரம் ஆயிற்று.

டிங்கர் சுவரில் சாய்ந்து நின்றார். மனைவி ஒரு தட்டில் ரொட்டி கொண்டுவந்து நீட்டினாள். அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் சங்கிலி கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் பட்டறைக்குக் கொண்டாந்து விடு" என்றார் கடைசியில். "மேட்டுல ஏறும்போது மொத கியர். பல்லைக் கடிக்க விட்டே, பிச்சுடுவேன்." சைக்கிளை எடுத்த பாலிசி திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் பின்னறையைக் கழுவினார்கள். பதினோரு வருட எண்ணெய்க் கறை சோடா உப்பு போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. கட்டிலை மாடியிலிருந்து பிரித்து இறக்கி, கீழே பூட்டினார்கள். பெரிய இரட்டைக் கதவின் வழியாகச் சந்து நன்றாகத் தெரியும்படி தலைமாட்டை வைத்தாள் மனைவி.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் டாக்ஸிக்காரம்மா மீன் காரோடு காத்திருந்தார். இரண்டு நர்ஸ்கள் அக்காவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். மீனின் சீட் தாழ்வு. உட்கார வேண்டுமென்றால் இடுப்பை மடக்கிக் குழிக்குள் இறங்குவது போல இறங்க வேண்டும். அக்கா ஒரு பார்வை பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். டாக்டர் சொன்னதும் அதுதான்.

நாரையைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார் தம்பி. பின்கதவு அலமாரிக் கதவு போல அகலமாகத் திறந்தது. சீட் நாற்காலி உயரம். நர்ஸ்கள் பிடித்துக்கொள்ள, அக்கா அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்து வைத்தாள். வலிக்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியம்.

"ஓடாத காருன்னியே" என்றாள்.

"ஓடுதுக்கா."

"ஏன் சொல்லல?"

"வீட்டுக்குப் போய் சொல்றேன்."

வழி முழுக்க அவர் முப்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் ஹாரன் அடித்தவர்கள், முந்திப் போகும்போது காரைப் பார்த்துவிட்டுக் கையசைத்தார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் பதிலுக்குக் கையசைத்தாள்.

வீட்டில் அவள் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். ஆனால் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. "நாளைக்குப் பாக்கலாம் அண்ணி" என்று மனைவி வாக்கரைக் கட்டிலருகே வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் கண்ணாடிக்காரர் சந்தில் நின்றுகொண்டிருந்தார். மழை விட்டிருந்தது. எட்டேகால் ஆயிற்று. எட்டரை. மனைவி கடையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் உள்ளே வந்து அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டே முக்காலுக்குச் சந்து முனையில் நாரையின் சத்தம் கேட்டது. பட்டறையிலிருந்து டிங்கர் ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் பாலிசி. ஜன்னலுக்கு வெளியே நீண்ட அவர் கை தன் சைக்கிளைப் பிடித்து இழுத்து வந்தது. பின்சீட்டில் டாக்ஸிக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டிருந்தார். கார் இரட்டைக் கதவுக்கு நேராக வந்து நின்றது.

"ரெண்டாவது கியர்ல உறுமுது" என்று இறங்கும்போதே சத்தம் போட்டார் பாலிசி. "நான் அந்த ஓவியர்கிட்ட மன்னிப்புக் கேட்டு வாய் மூடல, அதுக்குள்ள அடுத்தது. ஓடாதப்ப ஒரு குறைதான் இருந்துச்சு. ஓட ஆரம்பிச்சா நூறு தெரியுது!"

"கதவும் சரியில்ல" என்றார் டிங்கர். கண்ணாடிக்காரரை நேராகப் பார்க்காமல், ஆனால் அவரிடம்தான் சொன்னார். "கேடயத்துல கதவு இதை விட அகலமாத் தெறக்கும்."

"தெறக்காது" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"முப்பது வருஷம் வண்டியிலயே குடித்தனம் பண்ணவ நான்" என்றாள் அக்கா. "உங்களுக்கெல்லாம் இன்ஜினைத் தெரியும். ஏறி எறங்கறது என்னன்னு தெரியுமா? எந்தக் கம்பெனிக்காரனாவது இடுப்பொடிஞ்சவளைக் கேட்டுட்டுக் கதவு வச்சிருக்கானா? இவன் வச்சிருக்கான்."

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க, நான் டிங்கர். கதவுன்னா எனக்கு..."

"உங்களுக்கு மூடத் தெரியும். தெறக்கறதை நான் காட்டறேன் பாருங்க."

அவள் போர்வையைத் தள்ளினாள். வாக்கரைப் பிடித்தாள். எழுந்தாள். தம்பி அனிச்சையாகக் கையை நீட்ட, மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு அடி. வாக்கர் எண்ணெய்க் கறையின் மேல் உரசி நகர்ந்தது. இரண்டாவது அடி. மூன்றாவது அடிக்கு முன் நின்று மூச்சு வாங்கினாள். கதவு நிலையைத் தாண்டி, ஈரச் சந்தில் இன்னும் இரண்டு அடி. பின்கதவைப் பிடித்து இழுத்து அகலத் திறந்து, பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்து வைத்தாள்.

"இப்படி" என்றாள் மூச்சிரைக்க. "உங்க கேடயத்துல இது நடக்குமா?"

டாக்ஸிக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "என்ன, எல்லாரும் பேச்சை நிறுத்திட்டீங்க? நான் சொன்னது தப்பா?"

பாலிசி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்புதான்" என்றார். "ஒரு தடவை ஏறினா போதுமா? திரும்ப எறங்கிக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்."